எழுபத்தோராம் பக்கம்

இழுவைப் போட்டியை நான் கண்ணால் பார்க்கவில்லை, அண்ணாச்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்த்த மாதிரி சொன்னால் அது பொய். எங்கள் வண்டி பாரத்தை இழுத்தபோது நான் இருநூறு அடி தள்ளி ஒரு கூடாரத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். கைதட்டல் மட்டும்தான் கேட்டது. மற்றதெல்லாம் கூடப் படித்த ஜெபசிங் சொன்னது. அவன் எதையும் கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்வான். அதனால் கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டுத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

இந்தக் கவரில் என்ன என்றுதானே கேட்டீர்கள்? சொல்கிறேன். சங்கரன்கோவிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்துவிடட்டுமா? தாள் பறந்துவிடக் கூடாது.

உங்கள் மகளை மெக்கானிக்கல் சேர்க்கப்போவதாகச் சொன்னீர்களே, அங்கே இதெல்லாம் செய்வார்கள். மூன்றாம் வருடம் நாங்கள் ஒரு வண்டி கட்டினோம். காடு, மேடு, சேறு எல்லாவற்றிலும் ஓடுகிற நாலு சக்கர வண்டி. ஏ.டி.வி. என்பார்கள். ஒரே ஒரு ஆள் உட்காரலாம். இரும்புக் குழாயை வளைத்து, வெல்டிங் வைத்து, கூண்டு மாதிரி செய்வது. கதவு கிடையாது. இன்ஜின் எல்லாக் கல்லூரிக்கும் ஒரே இன்ஜின். அதை எடுத்துக்கொண்டு வடக்கே ஒரு அகில இந்தியப் போட்டிக்குப் போக வேண்டும். மேடு ஏறுவது, பிரேக் சோதனை, நாலு மணி நேர ஓட்டம் என்று பல பிரிவு. அதில் ஒன்று இழுவை.

இழுவை என்றால், தரையில் ஒரு இரும்புச் சறுக்குத் தட்டு கிடக்கும். சக்கரம் இல்லை. தட்டின் மேலே ஒரு பாரப் பெட்டி. சங்கிலியை வண்டியின் பின்னால் மாட்டி இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க அந்தப் பெட்டி தட்டின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் நகர்ந்து வரும். வர வரத் தட்டு தரையைக் கவ்விக்கொள்ளும். எப்படிப்பட்ட வண்டியும் ஓரிடத்தில் நின்றுதான் ஆக வேண்டும். எத்தனை அடி போய் நின்றது என்று அளப்பார்கள். அவ்வளவுதான்.

எனக்கு அணியில் இரண்டு பொறுப்பு. ஒன்று எடை, இன்னொன்று விதி.

எடை சுலபம். மெஸ்ஸிலிருந்து காய்கறித் தராசைக் கேட்டு வாங்கி, வண்டியின் ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்தேன். எங்கெல்லாம் ஓட்டை போடலாமோ அங்கெல்லாம் ஓட்டை போட்டேன். பெடலில், தாங்கித் தகட்டில், இருக்கையின் அடியில். பதினோரு கிலோ குறைத்தேன், அண்ணாச்சி. மேடு ஏறுவதற்கு வண்டி லேசாக இருக்க வேண்டும்.

ஆவுடை வந்து பார்த்துவிட்டு, "ஏ கொம்பையா, வண்டியக் கட்டச் சொன்னா இடியாப்ப அச்சு செஞ்சு வச்சிருக்க" என்றாள்.

ஆவுடையம்மாள்தான் எங்கள் ஓட்டுநர். பெயர் பழைய பெயர், ஆள் என் வகுப்புதான். சங்கரன்கோவில் பக்கம் கரிசல் காட்டு ஊர். வீட்டில் ஒரு டிராக்டர் உண்டு. அவள் அப்பாவுக்குக் கால் எலும்பு முறிந்த வருடம் அறுப்புக் காலம் முழுக்க இவள்தான் டிராக்டர் ஓட்டியிருக்கிறாள். அது பன்னிரண்டாம் வகுப்பு வருடம். ஐம்பத்தெட்டு சதவீதம் வாங்கினாள். கல்லூரியில் எழுபத்தைந்து எடுத்தாலும் அந்த ஐம்பத்தெட்டு போகாது. வேலைக்கு ஆள் எடுக்க வருகிற கம்பெனிகள் எல்லாம் பத்தாவது, பன்னிரண்டாவது, கல்லூரி மூன்றிலும் அறுபது கேட்பார்கள். அவளை இன்டர்வியூ அறை வாசலில்கூட நிற்கவிட மாட்டார்கள். விதி அப்படி. நான் விதியைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வருடம் ஒரு டிராக்டர் கம்பெனி அறிவித்திருந்தது. இழுவையில் முதலிடம் வருகிற வண்டியை ஓட்டுகிறவருக்கு மார்க் பார்க்காமல் நேரடி இன்டர்வியூ. அந்தச் சுற்றறிக்கையை ஆவுடை நாலாக மடித்துத் தன் அடையாள அட்டை உறைக்குள் வைத்திருந்தாள். அறைத் தோழியிடம் ஒரு ஜோடி ஷூவும் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். ஒரு அளவு பெரியது. முன்னால் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வராந்தாவில் நடந்து பழகினாள்.

"இழுவைய மட்டும் ஜெயிச்சாப் போதும்டா. மத்ததுல நீங்க எந்தக் குழியில வேணாலும் விழுங்க" என்பாள்.

விதிக்கு வருகிறேன். விதியை ஏன் என்னிடம் கொடுத்தார்கள் என்றால், நான் பயந்தவன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அதற்கு ஒரு சான்றிதழ் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் ஒரு சீல் விட்டுப்போய், கலந்தாய்வுக்கு முந்தின நாள் நானும் அப்பாவும் தாலுகா அலுவலகத்தில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை நின்றோம். ஒரு சீல். அன்றிலிருந்து எழுதப்பட்ட எதையும் நான் இரண்டு தடவை படிப்பேன்.

போட்டி விதிகள் எல்லாம் ஆங்கிலம். நான் தமிழ் மீடியம். ஆனால் மனப்பாடத்தில் என்னை அடிக்க ஆள் இல்லை. எங்கள் சீனியர் தங்கதுரை அண்ணன், இரண்டு வருடம் முன்னால் அணித் தலைவராக இருந்தவர், ஒரு நோட்ஸ் போட்டு வைத்திருந்தார். விதிகளும் அவருடைய அனுபவமும் சேர்த்து, எல்லாம் அசல் புத்தகம் மாதிரியே பக்கம், பிரிவு எண் போட்டு டைப் செய்தது. கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் அதன் மூலப்பிரதி இருக்கும். ஒவ்வொரு வருடமும் அதிலிருந்துதான் எடுப்போம். நோட்ஸ் இருக்கும்போது புத்தகத்தை யார் தேடுவார்கள்? தெர்மோடைனமிக்ஸுக்கே யாரும் தேடவில்லை.

நான் அந்த நோட்ஸை முழுக்க மனப்பாடம் செய்தேன். யாராவது சந்தேகம் கேட்டால் பக்கத்தோடு சொல்வேன். பெல்ட் அகலமா? பக்கம் பத்தொன்பது. தீயணைப்பான் எங்கே மாட்ட வேண்டும்? பக்கம் முப்பத்திரண்டு. ஜெபசிங், எங்கள் அணித் தலைவன், எல்லாரிடமும் சொல்வான்: "கொம்பையா சொல்லிட்டாம்னா அச்சுல வந்த மாதிரி."

சரி, பயிற்சி. கல்லூரிப் பின்பக்க மைதானத்தில் நாங்களே ஒரு சறுக்குத் தட்டு செய்தோம். கட்டட வேலைக்கு வந்த சிமென்ட் மூட்டைகளை அதன்மேல் அடுக்கினோம். ஆவுடை ஆக்சிலேட்டரை மிதித்தாள். பின் சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றின. மண் பறந்தது. வண்டி நகரவில்லை, இறங்கியது. இரண்டு குழி தோண்டியதுதான் மிச்சம்.

"தென்னங்கன்னு வைக்கலாம்" என்றாள் அவள்.

நான் விடவில்லை. டயரின் காற்றைக் குறைத்துக் குறைத்துப் பதினான்கு தடவை சோதித்தேன். எல்லாம் நோட்டில் இருக்கிறது. சங்கிலி மாட்டும் கொக்கியை ஒரு அங்குலம் உயர்த்தினோம், பிறகு இறக்கினோம். அதிகபட்சம் பதினெட்டு அடி போனது.

ஒரு நாள் நான் பரீட்சை முடிந்து வருகிறேன், வண்டி நாற்பத்தோரு அடியில் நிற்கிறது. பையன்கள் விசில் அடிக்கிறார்கள். எனக்குச் சந்தோஷம்தான். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"பின் டயர்ல தண்ணி ஏத்திருக்கேன்" என்றாள் ஆவுடை. "எங்க ஊர்ல டிரெய்லர்ல பாரம் ஏத்தினா டிராக்டருக்கு இதான செய்வோம். வால்வு ஊசியக் கழத்திட்டு ஓஸ மாட்டினா முக்காவாசி நிறையும். மீதிக்குக் காத்து. டயரு தரையில உக்காந்துக்கிடும், சுத்தாது."

உடனே வேண்டாம் என்றேன், அண்ணாச்சி. ஏனென்றால் எனக்குத் தெரியும். பக்கம் எழுபத்தொன்று, பிரிவு ஒன்பது, உட்பிரிவு மூன்று. டயருக்குள் காற்றைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் அந்தப் பிரிவிலிருந்து நீக்கம். அப்படியே ஆங்கிலத்தில் ஒப்பித்தேன்.

ஆவுடை தண்ணீர் ஓஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "தண்ணிதானடா. பெட்ரோலா ஊத்துதேன்?"

"விதி."

"தண்ணி ஊத்தக் கூடாதுன்னு எவம்லே உக்காந்து எழுதுவான்?"

"எழுதியிருக்காங்க. பக்கம் எழுபத்தொண்ணு."

ஜெபசிங் தலையைச் சொறிந்தான். "எழுபத்தொண்ணுன்னா விடு ஆவுடை. அவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

தண்ணீரைத் திறந்துவிட்டோம். ஆவுடை என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மெஸ்ஸில் என் தட்டில் அவளாகவே ஒரு அப்பளம் வைத்தாள். அவள் அப்படித்தான்.

போட்டிக்குப் போனோம். இரண்டு நாள் ரயில். மேடு ஏறுவதில் முப்பத்தாறாவது இடம். என் ஓட்டைகள் வீண்போகவில்லை என்றுதான் சொல்வேன். போன வருடம் ஐம்பதாவது. இரண்டாம் நாள் மதியம் இழுவை. காலையிலிருந்து ஒவ்வொரு வண்டியாகக் குழி தோண்டிவிட்டுத் திரும்பியது. மண் மாவு மாதிரி. முதலிடத்தில் இருந்த வண்டி தொண்ணூற்றேழு அடி. எங்களுக்கு முந்தினவன் இருபத்தெட்டு.

ஆவுடை தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைத் தேடி வந்தாள். அவளுடைய பை தோளிலேயே தொங்கியது. ஷூ உள்ளேதான் இருந்தது. செய்தித்தாள் சுற்றின முனை வெளியே தெரிந்தது.

"கொம்பையா, ஒளிச்சு மறைச்சுச் செய்யல. ஒன்ட்ட சொல்லிட்டுத்தான் செய்யுதேன். கோடு போடுத இடத்துல நிக்காருல்லா ஒரு சாரு, அவருட்டப் போயிக் கேட்டேன். டயரக் காட்டி, தண்ணி பாட்டில டயர்ல ஊத்துத மாதிரி காட்டினேன். ஊத்திக்கோன்னு தலையாட்டிட்டாரு."

"அவர் என்ன மொழில சொன்னாரு?"

"இந்தி."

"ஒனக்கு இந்தி தெரியுமா?"

"தலையாட்டுறதுக்கு என்னடா மொழி?"

"குடிச்சுக்கோன்னு சொல்லிருப்பாரு" என்றேன்.

அவள் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "நீ வேணா வந்து கேளு. ரெண்டு நிமிசம்."

நான் போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? எழுதியிருக்கும்போது ஒரு மனிதன் தலையாட்டுவது விதி ஆகுமா? தாலுகா அலுவலகத்தில்கூட அந்தக் குமாஸ்தா முதலில் தலையாட்டத்தான் செய்தார். சீல் இல்லாமல் திருப்பி அனுப்பியது யார்?

அவள் தண்ணீர் லாரிப் பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். ஜெபசிங்கும் கூடப் போனான். அவன் எந்தப் பக்கம் ஆள் அதிகமோ அந்தப் பக்கம்.

நான் நடுவர் கூடாரத்துக்குக் கிளம்பினேன். நீங்களே சொல்லுங்கள். வண்டியைப் பிறகு சோதித்துக் கண்டுபிடித்தால் எங்கள் கல்லூரியையே மூன்று வருடம் தடை செய்வார்கள். பக்கம் எழுபத்திரண்டு. அடுத்த மூன்று வருடப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? நாமாகவே சொல்லிவிட்டால் அந்த ஒரு பிரிவு மட்டும்தான் போகும். நான் எல்லாரையும் நினைத்துத்தான் செய்தேன்.

நடுவர் கூடாரத்தில் ஒரு பெரியவர் இருந்தார். வெள்ளை மீசை, ரொம்ப மரியாதையான மனிதர். மேசையில் விதிப் புத்தகம் கிடந்தது, டீ டம்ளருக்கு அடியில். பார்க்க ஒல்லியாக இருந்தது. நம்மிடம் இருப்பது தாளின் ஒரு பக்கம் மட்டும் எடுத்த ஜெராக்ஸ், அதனால்தான் தடியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சார், எங்கள் அணி விதி மீறுகிறது என்று சொன்னேன். அவர் எந்த விதி என்று கேட்டபடி டம்ளரை நகர்த்திப் புத்தகத்தை எடுக்கப் போனார்.

"புரட்ட வேண்டாம் சார்" என்றேன். "எனக்கு மனப்பாடம்."

பக்கம், பிரிவு, உட்பிரிவு, முழு வாக்கியம். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. எனக்குச் சாதாரணமாக ஆங்கிலத்தில் பேச வராது, அண்ணாச்சி. ஒப்பிப்பது மட்டும் நன்றாக வரும். அவர் அப்படியே என்னைப் பார்த்தார். தன் அணியைத் தானே கொண்டுவந்து மாட்டிவிடுகிற மாணவனை இருபது வருடத்தில் பார்த்ததில்லை என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புத்தகத்தின் மேல் டம்ளரைத் திரும்ப வைத்தார்.

அப்போதுதான் வெளியே கைதட்டல் கேட்டது.

இனி ஜெபசிங் சொன்னது. ஆவுடை வண்டியில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, கொடி இறங்கியதும் மற்றவர்கள் மாதிரி ஒரேயடியாக மிதிக்கவில்லையாம். மெதுவாகச் சங்கிலியை இறுக்கி, தட்டு அசைகிற வரைக்கும் பொறுத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருக்கிறாள். சக்கரம் சுற்றவே இல்லையாம். எருமை நடக்கிற மாதிரி நடந்தது என்றான். தொண்ணூற்றேழைத் தாண்டும்போது பக்கத்து மாநிலப் பையன்கள்கூட எழுந்து நின்றார்கள் என்றான். அது சேர்த்துச் சொன்னதாக இருக்கலாம். நூற்றிருபது அடி என்றான். அதுவும் சேர்த்ததுதான். நூற்றுப் பன்னிரண்டு. அந்த எண் எனக்கு உறுதியாகத் தெரியும், ஏனென்றால் நடுவர் அதை என் கண் முன்னால்தான் சிவப்பு மையில் அடித்தார்.

மறுப்புச் சொல்ல அரை மணி நேரம் கொடுத்தார்கள். அணித் தலைவர் விதிப் புத்தகத்தோடு வந்து வாதாடலாம். ஜெபசிங் போகவில்லை. "என்னத்தன்னு போயி பேச? நம்ம கொம்பையாவே சொல்லிட்டான். அவன் சொன்னா எழுதிருக்கும்" என்றானாம்.

ஆவுடை அழவில்லை. நான் பயந்துகொண்டே போனேன். அவள் வண்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து வால்வைத் திறந்துவிட்டிருந்தாள். தண்ணீர் மெல்லிசாகப் பீச்சியடித்து அவள் செருப்பெல்லாம் சகதி.

"அந்தப் பக்கத்தக் காட்டு" என்றாள்.

நோட்ஸைக் கொடுத்தேன். எழுபத்தொன்றை எடுத்து, விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். அவளும் தமிழ் மீடியம்தான். இரண்டு தடவை படித்தாள். பிறகு ஈரம் படாமல் மடித்து என்னிடம் நீட்டினாள்.

"எழுதித்தான் இருக்கு" என்றாள். "சரி. நாந்தான் தப்பு."

பாருங்கள், அவளே ஒப்புக்கொண்டாள். அதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்வேன்.

சாயங்காலம் பரிசளிப்பில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நேர்மைக்கு ஒரு சிறப்புச் சான்றிதழ். அதற்கு முன் அப்படி ஒன்று கிடையாது. எனக்காக அப்போதே டைப் செய்து, சீல் வைத்துக் கொடுத்தார்கள். சீலைத்தான் முதலில் பார்த்தேன். அந்த டிராக்டர் கம்பெனிக்காரர் கை குலுக்கினார். ஜெயித்த அணியின் ஓட்டுநரோடு இந்தப் பையனையும் இன்டர்வியூவுக்கு அனுப்புங்கள் என்றார். அனுப்பினார்கள். எடுத்துக்கொண்டார்கள். தரப் பரிசோதனைப் பிரிவு. நாலு வருடம் ஆகிறது. அப்பா அந்தச் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

ஆவுடை அந்த ஷூவைத் திரும்பி வரும்போது ரயிலில் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். இப்போது சங்கரன்கோவிலில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறாள். நன்றாக இருக்கிறாள் என்றுதான் கேள்வி. போன் எடுப்பதில்லை. அந்தப் பக்கம் டவர் சரியாக இல்லை போல. ஜெபசிங் போட்டால் எடுக்கிறாள். அவன் கம்பெனி சிம் வேறு.

இப்போது ஏன் போகிறேன் என்றால், போன வாரம் எங்கள் பிரிவில் ஒரு தணிக்கை. வந்தவர் ஒரு போல்ட்டின் முறுக்கு அளவைப் பற்றிக் கேட்டார். நான் ஏட்டைப் பார்க்காமல் பக்கத்தோடு சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, மனப்பாடம் எதிலிருந்து பண்ணினீங்க, மூலத்திலிருந்தா, நோட்ஸிலிருந்தா?" என்றார். சும்மா கேட்டதுதான். மூலம்தான் சார் என்றேன். அதுவும் உண்மைதான்.

ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. ஒன்றும் இல்லை, ஒரு ஒழுங்குக்காகத்தான் தேடினேன். போட்டி நடத்துகிறவர்கள் பழைய வருடத்துப் புத்தகங்களையும் இணையத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள். எங்கள் வருடத்தை எடுத்தேன். தங்கதுரை அண்ணன் வருடத்தையும் எடுத்தேன். எங்கள் வருடத்தைக் கடையில் கொடுத்துப் பிரின்ட் போட்டேன். அதுதான் இந்தக் கவரில் இருப்பது. அவளிடம் கொடுப்பதா, காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவள் வகுப்பு பதினொரு மணிக்கு முடியுமாம்.

நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை, அண்ணாச்சி. அதனால் உங்களிடம் சொல்கிறேன். பஸ் ஏறுவதற்கு முன்னால் டிப்போ பெஞ்சில் உட்கார்ந்து எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணிவிட்டேன். முன் அட்டை, பின் அட்டை எல்லாம் சேர்த்து, அந்த விதிப் புத்தகம் மொத்தம் அறுபத்துநான்கு பக்கம்.